கண்ணாடியைக் கீறுவது பிளாட்டினம் அல்ல

கேள்வி: நான் அரியலூர் மாவட்டம் கீழப்பழுவூர் பக்கத்துக் கிராமத்து விவசாயி. மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். ஒரு போகம் மக்காச்சோளம், மழை ஏமாற்றாவிட்டால் கொஞ்சம் பருத்தி. சித்திரையில் வயலுக்குப் போகும் வண்டிப்பாதைக்குக் கிராவல் அடித்தோம். ஜேசிபி பரப்பிக்கொண்டிருந்தபோது வெள்ளி நிறத்தில் ஒரு கட்டி கிடைத்தது. கை அளவுக்குப் பொருந்தாத கனம். ஒரு பக்கம் வழவழவென்று உருண்டை, மறுபக்கம் இரண்டு மூன்று இடத்தில் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது. ஐப்பசி மழை முழுவதும் திண்ணையில் நனைந்தும் துரு ஏறவில்லை. காந்தம் பிடிக்கிறது. நகைக்கடைத் தராசில் 412 கிராம். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பள்ளி அளவுக் குவளையில் 200 மில்லி தண்ணீர் ஊற்றிக் கட்டியைப் போட்டாள், 254-க்கு ஏறியது. சம்மட்டியால் அடித்துப் பார்த்தேன், ஓரத்தில் சில்லாகத் தெறித்தது.

என் மச்சான் திருச்சியிலிருந்து ஒரு புரோக்கரை அழைத்து வந்தார். அவர் ஜன்னல் கண்ணாடியில் கட்டியால் ஒரு கோடு இழுத்தார், கீறல் விழுந்தது. பாட்டிலிலிருந்து ஏதோ ஆசிட்டைச் சொட்டினார்; ஒன்றும் ஆகவில்லை. “இது இயற்கைப் பிளாட்டினம், 99.9 சதவீதம் சுத்தம், உள்ளே இரிடியமும் இருக்கிறது, கோடிக்குக் குறையாது” என்கிறார். லேப் சர்டிபிகேட் வாங்க முதலில் 25,000 ரூபாய் கேட்கிறார். எங்கள் மாவட்டத்தில் கடல் பிராணிகள் கல்லாகக் கிடக்கின்றன, டைனோசர் எலும்பு கிடைத்திருக்கிறது. பிளாட்டினம் மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது? கொடுக்கலாமா?

பதில்: 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியைப் படித்து முடிப்பதற்குள் புரோக்கர் வந்து நின்றுவிடக் கூடாது.

உங்கள் கடிதத்தில் விலைமதிப்பான வரி உங்கள் மகளுடையது. 412 கிராம் எடை, 54 மில்லி தண்ணீர். ஒன்றை மற்றதால் வகுத்தால் 7.6. அதாவது அந்தப் பொருள் தண்ணீரைப் போல ஏழரை மடங்குக்குச் சற்றுக் கூடுதல் கனம். சுத்தப் பிளாட்டினத்தின் அடர்த்தி 21.45. ஆற்று மணலில் கிடைக்கும் இயற்கைப் பிளாட்டினம் அவ்வளவு வராது. பெரும்பாலும் 14-க்கும் 19-க்கும் இடையில் நிற்கும். அந்தக் கணக்கில் 412 கிராம் கட்டி ஏற்றியிருக்க வேண்டிய தண்ணீர் 22-லிருந்து 29 மில்லி வரைதான். 54 என்றால் இரட்டிப்புக்கு மேலே அல்லது இரட்டிப்புக்குப் பக்கத்திலே. குவளையின் கோடுகளைப் படிப்பதில் இரண்டு மூன்று மில்லி முன்பின் ஆனாலும் இந்த இடைவெளி மூடாது.

அந்த 14-க்கும் 21.45-க்கும் இடையே ஏன் இத்தனை வித்தியாசம் என்று கேட்டால், உங்கள் புரோக்கரின் “99.9 சதவீதம்” அங்கேயே உடைந்துபோகும். இயற்கையில் கட்டியாகக் கிடைக்கும் பிளாட்டினம் தனியாக இருப்பதில்லை. இரும்போடு கலந்தே பிறக்கிறது. மூன்று அணு பிளாட்டினத்துக்கு ஓர் அணு இரும்பு என்ற விகிதத்தில் அமைந்த கலவைக்கு ஐசோஃபெர்ரோபிளாட்டினம் என்று பெயர்; எடையில் பார்த்தால் பிளாட்டினம் 91 சதவீதம், இரும்பு 9 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஒன்றுக்கு ஒன்று என்று அமைந்தால் டெட்ராஃபெர்ரோபிளாட்டினம். அதில் பிளாட்டினம் 78 சதவீதத்தை எட்டாது. செம்பும் சேர்ந்தால் துலாமீனைட். இவை போக ரோடியம், பல்லேடியம், இரிடியம், நிக்கல் எல்லாம் சில்லறையாக உள்ளே இருக்கும். 99.9 சதவீதப் பிளாட்டினம் என்பது சுத்திகரிப்பு ஆலையில் அமிலமும் நெருப்பும் பார்த்து வெளிவருவது. மண்ணிலிருந்து எடுத்த கட்டிக்கு அப்படி ஒருவர் சர்டிபிகேட் நீட்டினால், அந்தக் காகிதமே அது போலி என்பதற்குச் சாட்சி.

இரும்பு கூடுதலாக உள்ள பிளாட்டினக் கட்டியைக் காந்தம் பிடிக்கும். ஆகவே “காந்தம் பிடிக்கிறது, அதனால் பிளாட்டினம் இல்லை” என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். காந்தம் இந்த வழக்கில் எந்தப் பக்கமும் பேசாது. கண்ணாடிக் கீறல் நன்றாகப் பேசும். பிளாட்டினம் மென்மையான உலோகம்; கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் 4, நாலரை. இரும்பு கலந்தது கொஞ்சம் கூடும், 5-ஐ ஒட்டி வரும். ஜன்னல் கண்ணாடி ஐந்தரை. பிளாட்டினக் கட்டியால் கண்ணாடியில் கோடு விழாது. புரோக்கர் தனக்குச் சாதகமாகக் காட்டிய சோதனை அவருக்கே எதிரான சாட்சி.

சம்மட்டிச் சோதனையும் அப்படித்தான். பிளாட்டினத்தை அடித்தால் நசுங்கும், தகடாகும், ஓரம் மடங்கும். சில்லாகத் தெறிக்காது. ஆசிட் விஷயத்தில் புரோக்கர்கள் வழக்கமாகக் கொண்டுவருவது அடர் நைட்ரிக் அமிலம். அது வெள்ளியைத் தின்னும், செம்பைத் தின்னும், பிளாட்டினத்தைத் தொடாது என்பது உண்மை. ஆனால் அதே அடர் அமிலத்தில் சாதாரண இரும்பு கூட மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் கட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடும். குரோமியம் கலந்த இரும்பு இன்னும் தாராளமாகத் தாங்கும்.

இப்போது உங்கள் கையில் இருப்பது என்ன என்று சொல்கிறேன். கிராவலோடு வந்தது, வெள்ளி நிறம், ஒரு பக்கம் உருண்டை, சில இடங்களில் தட்டையான தேய்மானம், துரு இல்லை, காந்தம் பிடிக்கிறது, கண்ணாடியைக் கீறுகிறது, அடித்தால் சில்லு தெறிக்கிறது, அடர்த்தி 7.6. சிமெண்ட் ஆலைகள் நிறைந்த ஒரு மாவட்டத்தில் இத்தனை அடையாளமும் ஒரே பொருளில் கூடினால், நான் போடும் பந்தயம் பால் மில் குண்டு. கிளிங்கரை அரைக்கச் சுழலும் பெரிய உருளைக்குள் ஆயிரக்கணக்கில் போடுவார்களே, அந்தக் குண்டு. தேய்மானம் தாங்கவேண்டும் என்பதற்காக அதில் பத்து சதவீதத்துக்கு மேல், சில வகைகளில் இருபதுக்கும் மேல், குரோமியம் சேர்த்து வார்க்கிறார்கள். ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து, சில உடைந்து, கழிவோடு வெளியே வந்து, லாரி ஏறிக் கிராவலில் கலந்து ஊர் ஊராகப் போகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

விண்கல் என்ற ஒரு சிறிய வாய்ப்பையும் மறுக்க வேண்டியதில்லை. இரும்பு விண்கல்லின் அடர்த்தியும் ஏறக்குறைய இதுதான், காந்தமும் பிடிக்கும். ஆனால் அது அடித்தால் எளிதில் சில்லாகாது, மழையில் துரு ஏறாமல் இருப்பதும் கடினம், நிக்கல் ஐந்து சதவீதத்துக்கு மேல் இருக்கும். சோதனையில் நிக்கல் வந்தால் எனக்கு எழுதுங்கள், நானே புறப்பட்டு வருகிறேன். குரோமியம் வந்தால் குண்டுதான்.

சரி, மாவட்டத்தில் பிளாட்டினம் ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். அது நல்ல கேள்வி. அதற்குப் பதில் பிளாட்டினக் கட்டியின் வயிற்றுக்குள் இருக்கிறது.

நிஜமான பிளாட்டினக் கட்டி ஒன்றைக் கனிமவியல் ஆய்வகத்தில் என்ன செய்வார்கள் தெரியுமா? சிறிய கட்டியாக இருந்தால் முழுவதையும் பிசினில் புதைத்து இறுகவிடுவார்கள். பிறகு பாதியாகும் வரை தேய்த்து, வைரப் பசையால் படிப்படியாக மெருகேற்றுவார்கள். கடைசிப் பசையில் உள்ள வைரத்துகள் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதைப் பிரதிபலிப்பு ஒளியில் வேலை செய்யும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், வெளியிலிருந்து ஒரே உலோகம் என்று நினைத்தது ஒரே உலோகம் இல்லை என்பது தெரியும். கண் கூசும் வெண்மையில் பிளாட்டின-இரும்புக் கலவை. அதற்குள் நேர்க்கோட்டில் வரி வரியாக, இலேசான நீலச்சாம்பல் நிறத்தில், ஆஸ்மியத் தகடுகள். மேடையைச் சுழற்றினால் பிளாட்டினத்தின் ஒளி மாறாமல் நிற்கும், ஆஸ்மியம் மட்டும் மங்கியும் தெளிந்தும் வரும். ஒன்றின் படிக அமைப்பு கனசதுரம், மற்றது அறுகோணம். சூடாக இருந்தபோது பிளாட்டினத்தில் கரைந்திருந்த ஆஸ்மியம், ஆறும்போது உள்ளே இருக்க இடமில்லாமல் தகடாகப் பிரிந்து நின்ற கோலம் அது. அங்கங்கே கூர்மூலையோடு லாரைட் மணிகள்: ருத்தேனியமும் கந்தகமும் சேர்ந்த கனிமம், 1866-இல் வோலர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் போர்னியோ தீவின் பிளாட்டின மணலில் கண்டுபிடித்தது. இன்னும் இருண்ட சாம்பலில் எண்முகப் படிகங்களாகக் குரோமைட். சில இடங்களில் உருண்டையான கறுப்புப் பொட்டுகள் தெரியும். எலக்ட்ரான் கற்றையால் அவற்றை அளந்தால் ஒலிவின், பைராக்சின், சில வேளைகளில் பாறைக்குழம்பே துளியாக அடைபட்டு உறைந்த கண்ணாடி.

இந்த உட்பொதிவுகள்தான் கட்டியின் பிறப்புச் சான்றிதழ். பிளாட்டினக் கட்டிகள் ஆற்றங்கரை மண்ணிலேயே கரைசலிலிருந்து வளர்ந்தவையா, அல்லது ஆழத்துப் பாறையில் பிறந்து அரிப்பில் விடுபட்டு வந்தவையா என்று நெடுநாள் வாதம் நடந்தது. வெப்பமான ஆற்றுமண்ணில் பிளாட்டினம் சிறிதளவு கரைந்து மறுபடி படிவது உண்டு. கொலம்பியா, பிரேசில், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் மணிகளில் பாக்டீரியாப் படலங்களுக்கும் இதில் பங்கு இருப்பதை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அது மேல்தோல் வேலை. ஆயிரம் டிகிரிக்கு மேல் இருந்த குழம்பிலிருந்து பிறக்கும் ஒலிவினும் குரோமைட்டும் ஒரு கட்டியின் நடுவயிற்றில் சிறைப்பட்டிருந்தால், அந்தக் கட்டி ஆற்று மண்ணில் முளைத்தது என்று எப்படிச் சொல்வது? குரோமைட் பிளாட்டினத்துக்குள்ளும், பிளாட்டினம் குரோமைட்டுக்குள்ளும் மாறி மாறி இருப்பதைப் பார்த்தால் இரண்டும் ஒரே உலையில் உறைந்தவை என்பது விளங்கும்.

அந்த உலை எப்படிப்பட்டது என்பதும் உட்பொதிவிலேயே எழுதியிருக்கிறது. ஒலிவினும் குரோமைட்டும் சேர்ந்து கிடக்கும் பாறைக்கு டுனைட் என்று பெயர். ரஷ்யாவின் யூரல் மலைகளில் நிஷ்னி தகீல் பக்கம் இப்படி டுனைட் உடல்கள் வரிசையாக உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில் அந்த மலைகளின் ஓடைகளில் பிளாட்டினம் கண்டுபிடித்தார்கள். கிடைத்த அளவு எவ்வளவு என்றால், 1828 முதல் 1845 வரை ரஷ்ய அரசு பிளாட்டினத்தில் 3, 6, 12 ரூபிள் நாணயமே அடித்தது. அங்கே கிடைத்து இன்றும் மாஸ்கோ கிரெம்ளினில் பத்திரமாக இருக்கும் ‘யூரல் ராட்சசன்’ என்ற கட்டி 7,860 கிராம். இவ்வளவு எடைக்குக் கன அளவு கிட்டத்தட்ட ஓர் அரை லிட்டர் பால் பாக்கெட்தான். யூரல் கட்டிகளைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது வெள்ளி நிறம் இல்லை, குழிகளில் ஒட்டியிருக்கும் கறுப்புக் குரோமைட். கறுப்பு இல்லாத யூரல் கட்டியை அருங்காட்சியகக்காரர்களே சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

ரஷ்யாவின் கிழக்கோரத்தில் கபரோவ்ஸ்க் பிரதேசத்தில் கொந்தியோர் என்ற வட்ட மலை. நடுவில் டுனைட், சுற்றிலும் வளையமாக மலைத்தொடர். அங்கே பிளாட்டினம் கட்டியாக மட்டுமின்றி ஒழுங்கான கனசதுரப் படிகமாகவே கிடைக்கிறது. சிலவற்றின் மேல் இயற்கையே தங்கம் பூசியிருக்கும். பிளாட்டினத்தின் ஓர் ஐசோடோப்பு மிக மெதுவாகச் சிதைந்து ஹீலியத்தை வெளியிடுகிறது. அந்த ஹீலியம் கட்டிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதை அளந்தால் வயது தெரியும். அந்த முறையில் கொந்தியோர் படிகங்களுக்குக் கிடைத்த வயது கிரிட்டேசியஸ் காலம். உங்கள் பக்கத்துக் காரை ஊர்ப் பள்ளங்களில் நீங்கள் கல்லாகப் பார்க்கும் அம்மோனைட் என்ற கடல் பிராணிகள் உயிரோடு நீந்திய அதே யுகம்.

காலம் ஒன்றுதான். பாறைதான் வேறு. கீழப்பழுவூரைச் சுற்றி உங்கள் காலடியில் இருப்பது அந்த அம்மோனைட்டுகள் நீந்திய கடலின் அடிப்படிவு: களிமண், மணற்கல், சுண்ணாம்புக்கல், ஜிப்சம் நரம்பு, பாஸ்பேட் உருண்டைகள். பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர் 1862-இல் இந்தப் படிவுகளை வரைபடமாக்கிய நாள் தொட்டு நூற்றறுபது ஆண்டுகளாகப் புவியியலாளர்கள் இங்கே அங்குலம் அங்குலமாக நடந்திருக்கிறார்கள். பிறகு சிமெண்ட் சுரங்கங்கள் அதே மண்ணைப் பல மீட்டர் ஆழத்துக்குத் திறந்து காட்டின. டுனைட் இல்லை. மேற்கே பச்சைமலையிலிருந்து இறங்கும் மருதையாறு கொண்டுவருவது நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகளின் பொடி. அதில் ஓடையோரம் கறுப்பாகப் படியும் மணலில் இல்மனைட்டும் மேக்னடைட்டும் கார்னெட்டும் இருக்கும். பிளாட்டினத்தைப் பெறும் தாய்ப்பாறை அந்த வடிநிலத்தில் இல்லை.

தமிழ்நாட்டில் எங்குமே இல்லையா என்றால், உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி. சந்திரயான்-2 தரையிறங்கும் ஒத்திகைக்காக இஸ்ரோ நிலவு மண்ணுக்கு மாற்றாகப் பொடித்துக்கொண்டு போனது அந்த ஊரின் அனார்த்தோசைட் பாறையைத்தான். பக்கத்துக் குன்னமலையிலிருந்தும் எடுத்தார்கள். அந்தப் பாறைக்குச் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை. புவியியலாளர் ஏ.பி. சுப்பிரமணியம் 1956-இல் அந்தப் பாறைத்தொகுதியைப் பற்றி எழுதிய ஆய்வுரை இன்றும் உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த வெள்ளைப் பாறைக்கு நடுவே கறுப்பு நாடாக்களாகக் குரோமைட் அடுக்குகள் ஓடுகின்றன. அவற்றில் பிளாட்டினக் குடும்ப உலோகங்கள் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டு, துளையிட்டும் பார்த்திருக்கிறது. பவானிக்கரையை ஒட்டிய மேட்டுப்பாளையம் தொகுதியிலும் தேடல் நடந்தது. ஒடிசாவின் பவுலா-நுவாசாஹி, கர்நாடகத்தில் தாவணகெரே மாவட்டத்து ஹனுமலாபுரா ஆகியவை அதைவிடப் பெயர் பெற்றவை. இந்தியச் சுரங்கத் துறையின் ஆண்டேடுகள் பல வருடங்களாக நாட்டின் மொத்த வளமாகக் காட்டிவந்த 15.7 டன்னில் 14.2 டன் ஒடிசாவில், 1.5 டன் கர்நாடகத்தில்.

“சித்தம்பூண்டிக்குத் தெற்கே காவிரி ஓடுகிறதே, அதுவே கொள்ளிடமாகி எங்கள் மாவட்டத்துத் திருமானூரைத் தொட்டுப் போகிறதே, அடித்துக்கொண்டு வந்திருக்கலாமே” என்று உங்கள் மச்சான் கேட்கக்கூடும். கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் ஆறு கட்டியை உருவாக்காது. பாறையில் எந்த அளவில் இருந்ததோ அதைத்தான் விடுவிக்கும். சித்தம்பூண்டி மாதிரி அடுக்குக் குரோமைட்டில் இந்த உலோகங்கள் கந்தகத்தோடும் ஆர்செனிக்கோடும் சேர்ந்து, மைக்ரான் கணக்கில், நுண்ணோக்கி இல்லாமல் பார்க்க முடியாத மணிகளாக இருக்கின்றன. உலகத்துக்கே பிளாட்டினம் கொடுக்கும் தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பாறையிலும் கதை அதுதான். 1924-இல் ஹான்ஸ் மெரன்ஸ்கி அங்கே கண்டுபிடித்த அடுக்கிலிருந்து ஒரு டன் கல்லை அரைத்தால் சில கிராம்கள் கிடைக்கும். அங்கே சுரங்கத்தில் வேலை செய்பவர் தன் வாழ்நாளில் ஒரு பிளாட்டினக் கட்டியைக் கண்ணால் காணாமலே ஓய்வு பெற்றுவிடலாம். கையளவு கட்டி வேண்டுமென்றால் யூரல், கொந்தியோர், கொலம்பியாவின் சோக்கோ போன்ற இடத்து டுனைட் வேண்டும். நம் ஊரில் அப்படி ஒன்று இல்லை.

இனி இரிடியம். இந்தச் சொல் நம் கிராமங்களில் எப்படி நுழைந்தது என்று எனக்கு எப்போதும் வியப்பு. வேதியியல் பாடத்தைக் கண்டால் ஓடியவர்கள்கூட இரிடியம் என்றால் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிறார்கள். இடி விழுந்த கோபுரக் கலசம் இரிடியமாக மாறிவிடும் என்றும், அது அரிசியை இழுக்கும் என்றும் சொல்லிக் கோடி கோடியாகச் சுருட்டுகிறார்கள். ரிசர்வ் வங்கி பெயரில் போலிக் காகிதம் காட்டியவர்களை சிபிசிஐடி போலீஸார் கைது செய்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். கலசம் செம்பு. இடி விழுந்தால் உருகலாம், கருகலாம். ஒரு தனிமம் இன்னொரு தனிமமாகாது. அரிசியை இழுக்கும் வித்தை, அரிசிக்குள் இரும்புத் துணுக்கும் செம்புக்குள் காந்தமும் வைப்பதில் இருக்கிறது. “கதிர்வீச்சு வரும், தனி உடுப்பு போட்டுத்தான் தொடவேண்டும்” என்று மிரட்டுவதும் உண்டு. இயற்கை இரிடியத்தின் இரண்டு ஐசோடோப்புகளும் நிலையானவை, கதிர்வீச்சு கிடையாது. குழாய் வெல்டிங்கைப் படம்பிடிக்கவும் சில புற்றுநோய் சிகிச்சைகளுக்கும் பயன்படும் இரிடியம்-192 அணு உலையில் தயாரிப்பது, அது வேறு.

வேடிக்கை என்னவென்றால், பிளாட்டினக் கட்டிக்குள் இரிடியம் இருக்கும் என்று புரோக்கர் சொன்னது பொதுவான உண்மை. இரிடியத்தையே உலகம் கண்டுபிடித்தது அப்படித்தான். 1800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், லண்டனில் வொல்லாஸ்டன், டென்னண்ட் என்ற இரண்டு நண்பர்கள் கூட்டாக 5,959 அவுன்ஸ் தென்னமெரிக்கப் பிளாட்டின மணலை 795 பவுண்டுக்கு வாங்கினார்கள். அது ஸ்பானிய அதிகாரிகளின் கண்ணில் மண்ணைத் தூவிக் கடத்திவரப்பட்ட சரக்கு. இராஜத் திராவகத்தில் அதைக் கரைத்தார்கள். கரைந்த பகுதியை வொல்லாஸ்டன் எடுத்துக்கொண்டு அதிலிருந்து பல்லேடியத்தையும் ரோடியத்தையும் பிரித்தார். கரையாமல் அடியில் தங்கிய கறுப்புப் பொடியை மற்றவர்கள் வெறும் கரி என்று கொட்டிவிட்டிருந்தார்கள். டென்னண்ட் அதை விடவில்லை. ஆஸ்மியமும் இரிடியமும் அதற்குள் இருந்தன. கட்டிக்குள் தகடும் மணியுமாக இருந்த ஆஸ்மியம்-இரிடியக் கலவைதான் அந்தக் கறுப்புப் பொடி. நாற்பது ஆண்டு கழித்து, 1844-இல், கசான் நகரில் கார்ல் கிளாவுஸ் யூரல் சரக்கின் எச்சத்திலிருந்து ருத்தேனியத்தையும் எடுத்தார். ஆக ஐந்து தனிமங்கள் பிளாட்டினக் கட்டியின் அழுக்கிலிருந்து பிறந்தவை. பழைய மைப்பேனா நிப்பின் நுனியில் ஒரு பொட்டு வைப்பார்களே, தேயாமல் இருக்க, அது இந்த ஆஸ்மியம்-இரிடியக் கலவைதான். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் நல்ல பேனா ஏதாவது கிடந்தால் கீழப்பழுவூரில் நீங்கள் தொடக்கூடிய இரிடியம் அதுவாக இருக்கலாம்.

இன்னொரு இரிடியமும் உங்கள் பக்கத்துக் கதைதான். டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய படிவில் இத்தாலியின் குப்பியோவில் ஒரு மெல்லிய களிமண் பட்டையில் இரிடியம் வழக்கத்தைவிட முப்பது மடங்கு இருப்பதை 1980-இல் ஆல்வாரெஸ் குழு அறிவித்தது. விண்கல் மோதலுக்கு முதல் வலுவான சாட்சி அது. இந்தியாவில் கட்ச் பகுதியின் அஞ்சார், மேகாலயத்தின் உம் சோரிங்க்யூ ஆற்றங்கரை ஆகிய இடங்களில் அப்படிப்பட்ட இரிடியம் அளக்கப்பட்டது. டைனோசர்கள் அழிந்த அந்தக் கால எல்லையின் இரு பக்கத்துப் படிவுகளும் உள்ள வெகு சில இந்திய இடங்களில் அரியலூரும் ஒன்று: டைனோசர் எலும்பு தரும் கல்லமேடு படிவு கீழே, நின்னியூர்ச் சுண்ணாம்பு மேலே. ஆனால் முப்பது மடங்கு என்றதும் மண்வெட்டியைத் தூக்க வேண்டாம். குப்பியோக் களிமண்ணிலேயே நூறு கோடியில் சுமார் ஒன்பது பங்குதான் இரிடியம்.

இனி செய்ய வேண்டியது. திருச்சி தேசியக் கல்லூரியில் புவியியல் துறை இருக்கிறது. நேரே எடுத்துப் போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. நகைக்கடையின் எக்ஸ்ரே கருவியிலும் காட்டலாம், ஆனால் ஓர் எச்சரிக்கை: சில கருவிகளைத் தங்கம், வெள்ளி, பிளாட்டினம் போன்ற நகை உலோகங்களுக்கு மட்டும் அமைத்திருப்பார்கள். உள்ளே போட்டது எதுவாக இருந்தாலும் அந்தப் பட்டியலுக்குள்ளேயே நூறு சதவீதத்தையும் பங்கிட்டு ஒரு சீட்டைத் துப்பிவிடும். புரோக்கர்களுக்கு இந்த ஓட்டை நன்றாகத் தெரியும். இரும்பும் குரோமியமும் நிக்கலும் பட்டியலில் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

கல்லூரியில் கட்டியின் ஓரத்தை மெருகேற்றி நுண்ணோக்கியில் காட்டச் சொல்லுங்கள். அதற்குள்ளும் உட்பொதிவு உண்டு: குரோமியம் கார்பைடு, நீண்ட கோல்களாக, குறுக்கே வெட்டினால் அறுகோணமாக. உருகிய வார்ப்பு ஆறும்போது அதற்குள் உறைந்து நின்றவை அவை. உங்கள் ஜன்னலைக் கீறியதும் அவைதான்.

புரோக்கர் திரும்ப வந்தால் அவர் செலவிலேயே அங்கே கூட்டிப் போகச் சொல்லுங்கள். வரமாட்டார். ஏற்கெனவே ஏதாவது முன்பணம் கொடுத்திருந்தால் தாமதிக்காமல் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். கட்டியை விற்பதானால் பழைய இரும்புக் கடைக்காரரிடம் குரோம் வார்ப்பு என்று சொல்லி விலை கேளுங்கள். வெறும் இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.